ஓத அட்டவணை

இருபத்து மூன்று ஜோடி ரப்பர் பூட்ஸ் கேட்டிருந்தேன்.
இருபத்திரண்டு வந்தன.
இல்லாதது நாற்பத்தாறாம் எண்.
ஹூசும் சந்தையில் மீன் விற்பவரிடம் இரவல் வாங்கினேன்,
உள்ளே ஹெர்ரிங் வாடையோடு.

பயிற்சி காலை ஒன்பதுக்குத் தொடங்கவேண்டும்
என்கிறது கல்வி அலுவலகத்தின் படிவம்.
வட கடலோ பதினொன்று நாற்பதுக்குத்தான்
முழுதாய் வற்றும்.
மூன்று கடிதம் போட்டேன்.
மூன்றுக்கும் ஒரே பதில்.
கடைசியில், ஒன்பது மணி: அறிமுக உரை
என்று அச்சடித்துவிட்டு
கரையணை அடிவாரத்தில் நின்று
எல்லோருக்கும் காப்பி ஊற்றினேன்.

ஆசிரியர்களைப் பேருந்தில் ஏற்றிப் பார்த்ததுண்டா?
கடைசி வரிசைக்குத் தள்ளுமுள்ளு.
கெஷெ லோரன்ட்சன், வரலாறு, முப்பதாண்டு அனுபவம்,
கண்ணாடியில் மூச்சை ஊதி மூக்கு வரைகிறார்.
ஓக்கெ, கணிதம், நான் பேசப் பேச
பக்கத்து இருக்கையோடு கிசுகிசுக்கிறார்.
கை உயர்த்திக் கேட்ட ஒரே கேள்வி:
சான்றிதழில் எத்தனை மணி நேரம் போடுவீர்கள்?

அணை ஏறி இறங்கினால்
கடல் இருந்த இடத்தில் கடல் இல்லை.
படுத்தவர் எழுந்துபோன படுக்கை,
விரிப்பின் சுருக்கம்கூட இன்னும் கலையவில்லை.
ஐம்பது அடிக்குள் இருவர் முழங்கால்வரை புதைந்தார்கள்.
ஒருவர், பெயர் சொல்லமாட்டேன்,
பள்ளியில் சொன்னால் இடைநீக்கம் ஆகும் வார்த்தையைச் சொன்னார்.
அழுகிய முட்டை நாற்றத்துக்கு
வேதியியல் ஆசிரியை மட்டும் முகம் மலர்ந்தார்.

என் பயிற்சித்தாள் பன்னிரண்டு பக்கம்.
நான்கு மாத உழைப்பு.
காற்று அதை இரண்டாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியது.
பாதுகாக்கப்பட்ட சதுப்பின்மீது
குப்பை போட்டவள் நான்.
இருபத்து மூன்று பேரும் சிதறி ஓடிப் பொறுக்கினார்கள்.
அடுத்தவர் பூட்ஸோடு ஓடிய ஓக்கெ
குப்புற விழுந்தார்.

எழவில்லை.

அடிபட்டதோ என்று ஓடினேன்.
"சத்தம் போடாதீர்கள், வருகிறது" என்றார்.
அவர் மூக்குக்கு ஒரு சாண் முன்னால்
மண்ணிலிருந்து மண்ணே
இடியாப்பம்போலப் பிழிந்து வந்து சுருண்டது.
அடியில் ஒரு புழு
தன் காலை வேலையை முடித்திருந்தது.

பிறகு அவர் அளவுநாடா கேட்டார்,
கயிறு கேட்டார்,
ஒரு சதுர மீட்டரைக் கட்டிவைத்து எண்ணினார்.
முப்பத்தொரு சுருள்.
நிமிர்ந்து அடிவானம்வரை பார்த்தார்.
உதடு பெருக்கிக்கொண்டே போனது.
"ஒரு சதுர கிலோமீட்டருக்கு மூன்று கோடியே பத்து லட்சம்."
இதைச் சொல்லிவிட்டுக் காலடியைப் பார்த்தவர்
ஒற்றைக்காலில் நின்றார்,
மற்றதை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

இது என் பன்னிரண்டு பக்கத்திலும் கிடையாது.

வழிகாட்டி மொம்மெ விசில் ஊதினார்.
இங்கே கடல் முன்னாலிருந்து வருவதில்லை.
முதுகுப் பக்கம் ஓடைகளில்
சொல்லாமல் ஏறும்.
திரும்பும்போதுதான் கெஷெ கேட்டார்:
"பதின்மூன்று வயதில் இருபத்தெட்டுப் பேர்.
இதே விசிலுக்கு
அவர்களை நான் எப்படித் திருப்புவேன்?"
யாரும் சிரிக்கவில்லை.
மொம்மெவும் வாய் திறக்கவில்லை.
பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்,
பதிலுக்குக் கீழே இடம் விட்டு.

கருத்துப் படிவங்களில்
ஐந்து பேர் சூப் ஆறியிருந்தது என்றார்கள்.
ஓக்கெ எதையும் நிரப்பவில்லை.
பின்பக்கம் முழுக்கப் பெருக்கல்.

இரவு பூட்ஸ் கழுவினேன்.
நாற்பத்தாறாம் எண்ணைக் கவிழ்த்தபோது
ஒரு நண்டு விழுந்தது.
கட்டைவிரல் நகம் அளவுதான்.
இரண்டு கையையும் தூக்கி
என்னோடு சண்டைக்கு நின்றது.

பதினொரு கிலோமீட்டர்.
கடல் வீடு திரும்பி, நிறைந்து, இருட்டாய் இருந்தது.
பயணப்படிப் படிவத்தில்
காரணத்துக்கான கட்டம் மிகச் சிறியது.
'பங்கேற்பாளர் ஒருவரைக் கொண்டுவிட'
என்று நுணுக்கி எழுதினேன்.

ஒப்புதல் இன்னும் வரவில்லை.